களை என்ற ஒரு சொல்லைப் பற்றி: சேலத்து ஏரிகளைப் பராமரிக்கும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சேலம் மாநகரிலும் மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் ஏரி, குளங்களைத் தூர்வாரவும் தூய்மை செய்யவும் மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி முடிந்ததும் அளந்து பட்டியல் அனுப்பும் பொறுப்பிலுள்ள உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். ஒரு துறையை மட்டும் குறித்து எழுதாததற்குக் காரணம் உண்டு. ஒரே ஏரியில் நீர்ப்பரப்பு ஒரு துறையிடமும், கரை இன்னொன்றிடமும், மீன்பிடி ஏலம் வேறொன்றிடமும், கழிவுநீர் வந்து விழும் ஓடை மற்றொன்றிடமும் இருப்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். நான் சொல்ல வந்ததோ இவற்றில் எவருடைய கோப்பிலும் இடம்பெறாத ஒன்று; ஏரிக்குள் வளரும் செடிகளைப் பற்றியது.

நான் கன்னங்குறிச்சிப் பக்கம் குடியிருப்பவள். நெடுங்காலம் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். காலை நடைக்கு ஏரிக்கரையைத் தவிர வேறு இடம் எனக்குப் பழக்கமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், சேர்வராயன் மலை அடிவாரத்து ஏரி ஒன்றில் கோடையில் தூய்மைப் பணி நடந்தது. அந்த ஏரியின் பெயரையோ, பணியைச் செய்வித்த அலுவலகத்தின் பெயரையோ சொல்லப்போவதில்லை. எவரையும் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. இரண்டு பொக்லைன் இயந்திரங்கள் மூன்றே நாளில் ஏரியைத் துடைத்து வைத்தன. ஊதாப்பூப் பூத்து ஏரியை அடைத்துக் கிடந்த வெங்காயத்தாமரை போயிற்று. ஊரார் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். நான்காம் நாள் காலையில் கரையோரம் குவித்துக் கிடந்த பச்சைக் குவியலை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. ஒரு சாக்கை விரித்து, கைக்கு அகப்பட்டவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தேன். மணிக்கட்டுப் பருமனில் அல்லிக் கிழங்குகள், பாக்களவில் கொட்டிக் கிழங்குகள், பின்னிக் கிடந்த ஹைட்ரில்லா, நாடாப் போல் நீண்ட இலைகளையுடைய வாலிஸ்நேரியா, நசுக்கினால் பூண்டு வாடை வீசும் காராப்பாசி, வேரோடு பெயர்ந்த கோரையும் சம்பும், நான்கு இலை விரித்த ஆரைக்கீரை, வள்ளைக்கொடி, நீர்முள்ளி, நீர்ப்பிரமி. வெங்காயத்தாமரையோடு சேர்த்துப் பன்னிரண்டு வகை. இவற்றில் வெளியேற்றப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பதினொரு நல்லவற்றை அந்த ஒன்றோடு சேர்த்து லாரிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டுத் தூக்கியிருந்தோம்.

அடுத்த மழைக்கு ஏரி நிறைந்தது. முதலில் திரும்பி வந்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த தண்டுத் துண்டு ஒன்று போதும், வெங்காயத்தாமரை தழைத்துவிடும். அதன் விதையோ சேற்றுக்குள் 15 முதல் 20 ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கும். அல்லியும் கொட்டியும் வாலிஸ்நேரியாவும் வரவில்லை. அவற்றின் கிழங்குகள் கரையில் வெயிலில் கருகியிருந்தன.

மதிப்பீட்டில் 'களைச்செடிகளை அகற்றுதல்' என்று ஒரு வரி எழுதப்படுகிறது. வயலில் நெல் எது, களை எது என்று நட்டவருக்குத் தெரியும். ஏரியில் நாம் எதையும் நடவில்லை என்பதால் முளைத்தது எல்லாமே களையாகிவிடுகிறது. அந்த ஒரு சொல் திருந்தினால் நம் ஏரிகளின் தண்ணீர் பாதி திருந்தும் என்பதுதான் என் கட்சி. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

ஏரியில் செடிகள் நான்கு விதமாக வாழ்கின்றன. சம்பு, கோரை, நாணல் போன்றவை கரையோரச் சேற்றில் வேர்விட்டு நீருக்கு மேலே தலை நீட்டுபவை. அல்லி, தாமரை, கொட்டி ஆகியவை அடிச்சேற்றில் வேரும் நீர்மட்டத்தில் இலையுமாக இருப்பவை. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, காராப்பாசி ஆகியவை முழுக்க மூழ்கி வாழ்பவை. எதையும் பற்றாமல் மிதந்து திரியும் வெங்காயத்தாமரை, அந்தரத்தாமரை, பொடி இலையாய்ப் பரவும் லெம்னா ஆகியவை நான்காம் வகை. ஆகாயத்தாமரை என்று நம் ஊரில் இரண்டு செடிகளைச் சொல்கிறார்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்: முட்டைக்கோஸ் விரிந்தாற்போல் இருக்கும் அந்தரத்தாமரை ஒன்று; தண்டு வெங்காயம்போல் உப்பிய வெங்காயத்தாமரை மற்றொன்று. பின்னது தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளம் வழியே இந்தியாவுக்குள் வந்தது. ஆவணங்களில் இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதினால் எதை அகற்றினோம் என்பது பிற்பாடு எவருக்கும் விளங்காது.

தண்ணீரின் தரம் இந்த நால்வகையின் விகிதத்தில்தான் இருக்கிறது. பள்ளியில் படித்த எவருக்கும் ஒரு செய்முறை நினைவிருக்கும். பீக்கர் நீரில் ஹைட்ரில்லாவை வைத்து, மேலே கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து, அதன்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாயைத் தலைகீழாக நிறுத்தி வெயிலில் வைப்போம். முத்து முத்தாகக் குமிழிகள் ஏறிக் குழாயின் மேற்பகுதியில் ஆக்சிஜன் சேரும். பீக்கருக்குள் நடப்பதுதான் ஏரிக்குள்ளும் நடக்கிறது. மூழ்கிய செடிகள் ஆக்சிஜனைத் தண்ணீருக்குள்ளேயே விடுகின்றன. மிதக்கும் செடிகளின் இலை காற்றில் இருக்கிறது. அவை உண்டாக்கும் ஆக்சிஜன் காற்றோடு போய்விடுகிறது. போதாக்குறைக்குக் கீழே வெளிச்சம் இறங்காமல் மறைத்து, கீழுள்ள செடிகளைக் கொன்று, அவை அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. இரண்டும் பச்சைதான், ஒன்று தண்ணீருக்குக் கொடுப்பது, மற்றது தண்ணீரிடம் பறிப்பது.

அல்லித்தண்டை ஒடித்து மாலை கோத்து விளையாடாத குழந்தைகள் நம் தலைமுறையில் குறைவு. ஒடித்த இடத்தைக் கூர்ந்து பார்த்தால் உள்ளே காற்றுக் குழல்கள் துளைதுளையாகத் தெரியும். இலையின் மேற்புறத்துத் துளைகள் வழியே புகும் காற்று அந்தக் குழல்களில் இறங்கிச் சேற்றிலுள்ள கிழங்குக்கும் வேருக்கும் போகிறது. வேரிலிருந்து சிறிதளவு ஆக்சிஜன் சேற்றிலும் கசிகிறது. இது அற்பமான செய்தி போலத் தோன்றலாம். ஆனால் கழிவுநீரோடு வரும் பாஸ்பரஸ், அடிச்சேற்றிலுள்ள இரும்போடு பிணைந்து அங்கேயே கட்டுண்டு கிடப்பதற்கு அந்த ஆக்சிஜன் வேண்டும். சேறு மூச்சுத் திணறினால் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து பாஸ்பரஸ் மறுபடியும் தண்ணீருக்குள் வந்துவிடும். பிறகு பாசிக்கு விருந்துதான். சாக்கடையை அடைத்த பின்னும் பல ஏரிகள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே கிடப்பதன் பின்னணியில் இந்தப் பழைய கடன் இருக்கிறது. வேரூன்றிய செடிகள் அந்தக் கடனைச் சேற்றுக்குள் பூட்டி வைக்கும் காவலர்கள். அவர்களைத்தான் நாம் லாரியில் ஏற்றுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. நீரில் தெள்ளுப்பூச்சி அளவில் துள்ளித் திரியும் டாஃப்னியா என்ற சிற்றுயிர், பாசியை வடிகட்டித் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். சிறு மீன்களுக்கு அது பிடித்த இரை. பகலில் அது ஒளிந்துகொள்ள மூழ்கிய செடிகளின் புதர் வேண்டும். புதரை அகற்றினால் டாஃப்னியா மீன் வாய்க்குள் போகும். பாசியைத் தின்ன ஆளிருக்காது. பாசி பெருகித் தண்ணீர் கலங்கும். கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காததால் மூழ்கிய செடி மறுபடி முளைக்காது. ஆழமில்லாத ஏரி இவ்விதம் இரண்டு நிலைகளில் ஏதேனும் ஒன்றில்தான் தங்கும்: செடியோடு தெளிந்திருக்கும், அல்லது பாசியோடு கலங்கியிருக்கும். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் தள்ள ஒரு கோடைக்காலப் பணி போதும். மீட்டுக் கொண்டுவருவது பல ஆண்டு வேலை. நம் மாவட்டத்து ஏரிகளில் பெரும்பாலானவை ஆழமில்லாதவை என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

தெளிவை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். நான் 20 செ.மீ. விட்டமுள்ள பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை நான்காகப் பிரித்துக் கருப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து, நடுவே துளையிட்டு, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி, பரிசல்காரர் ஒருவரின் தயவில் ஏரி நடுவே இறக்கிப் பார்ப்பது வழக்கம். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டால் போதும். ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு ஆழம் வரைக்கும் செடி வாழ வெளிச்சம் கிடைக்கும் என்று கொள்ளலாம். மேற்சொன்ன அடிவாரத்து ஏரியில் பணிக்கு முன்பு, செடி அடர்ந்த தென்கோடியில், தட்டு தரையில் போய் உட்கார்ந்த பிறகும் கருப்பு வேறு, வெள்ளை வேறாகத் தெரிந்தது. பணி முடிந்த மறு ஆண்டு அதே இடத்தில் ஒரு முழம் இறங்குவதற்குள் தட்டு பச்சைக்குள் மறைந்துவிட்டது.

அந்த ஆண்டு வைகாசியில் ஒரு விடிகாலை மீன்கள் வெள்ளையாய் வயிறு காட்டி மிதந்தன. ஜிலேபி, கெண்டை, கெளுத்தி என எல்லாம். தண்ணீர் மாதிரி எடுக்க ஆட்கள் வந்தார்கள். வந்தது காலை பதினொன்றரைக்கு. கரைந்த ஆக்சிஜன் போதுமான அளவில் இருப்பதாகவே முடிவு வந்ததென்று பின்னர் கேள்விப்பட்டேன். அந்த முடிவு பொய்யன்று. கேட்ட நேரம்தான் தவறு. பாசி நிறைந்த ஏரியில் ஆக்சிஜன் உச்சி வேளையில் தேவைக்கு மேலேயே இருக்கும். இரவெல்லாம் பாசியும் சேறும் மூச்சுவிட்டுத் தீர்த்து, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு இறங்கும். மீன் செத்தது அதிகாலையில். மாதிரி எடுத்தது வெயில் ஏறிய பின். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி மீனும் வனவுயிரும் வாழும் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது; குளிக்கும் நீருக்கு அது 5 மில்லிகிராம், உயிரிய ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. அந்த 4 என்ற எண்ணை விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்து பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. மாதிரி எடுக்கும் நேரத்தைப் படிவத்தில் கட்டாயமாக எழுத வைத்து, கோடை மாதங்களிலாவது விடியலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் அளக்கச் செய்ய வேண்டும். இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிதோ ஏரிக்கு நோய் அவ்வளவு முற்றியிருக்கிறது என்று பொருள்.

பாசி என்றால் மீனோடு நின்றுவிடுவதுமில்லை. பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் மிதக்கும் நீலப்பச்சைப்பாசிகளில் சில, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்குபவை. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. காய்ச்சினால் அந்த நஞ்சு போகாது. ஏரியோரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவர்களிடம் இதைச் சொல்லிவைக்க எவரும் இல்லை.

இனி எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். சேலத்து ஏரிகளின் தாய்வீடு மலை. ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு என்பார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் அந்த ஊரின் ஏரியே இன்று விடுதிக் கழிவையும் படகுத்துறைக் கூட்டத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. 1820களில் ஆட்சியர் காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்று மலையெங்கும் நிற்கிறது; பழத்தைத் தோலுரித்துக் கழுவும் பருவத்தில் அந்த இனிப்பு நீர் ஓடையில் கலந்தால் ஓடையின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மலையில் பிறந்து நகருக்குள் நுழையும் திருமணிமுத்தாற்றில் நகரச் சாக்கடையும் சாயப்பட்டறை நீரும் கலப்பதை மூக்கே சொல்லிவிடும். சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைத்துத் திப்பியைப் பிரித்த பின் எஞ்சும் மாவுத்தண்ணீருக்கும் காபித் தண்ணீரின் குணமே. செவ்வாய்பேட்டையைச் சுற்றிய வெள்ளிப் பட்டறைகளின் அமிலக் கழிவு வேறு வகை. அதில் உலோகம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செடி நட்டுச் சாயத்தை வடிகட்டலாம் என்று எவரேனும் திட்டம் கொண்டுவந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். செடிகளின் பன்மை சாக்கடைக்கு மாற்றன்று. சாக்கடையைத் தடுத்த பிறகு ஏரி தன்னைத் தானே சீர்படுத்திக்கொள்ள வைத்திருக்கும் கைமுதல்.

அது மட்டுமன்று, செடிகளின் பட்டியல் ஒரு சோதனைச்சாலைச் சீட்டைப் போல் பேசும். தண்ணீர் மாதிரி அந்த ஒரு நாளின் கதையைச் சொல்லும். செடிப் பட்டியல் சென்ற சில ஆண்டுகளின் கதையைச் சொல்லும். தண்ணீர் கெடக் கெட முதலில் காணாமல் போவது காராப்பாசி, பிறகு வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா சற்றுத் தாக்குப்பிடிக்கும், சத்து மிகுந்த நீரில் அதுவே மிதமிஞ்சி வளர்ந்து தொல்லையும் தரும். கடைசியில் கரையில் சம்பும் நெய்வேலிக் காட்டாமணக்கும், நடுவில் வெங்காயத்தாமரையும் மட்டும் மிஞ்சும். ஓர் ஏரியில் பத்து வகை இருந்து ஐந்தாண்டில் மூன்றாகக் குறைந்தது என்று ஒரு வரி எழுதிவைக்க ஆளிருந்தால், மீன் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் அந்த ஒரு வரியை எழுத ஆளில்லாமலும் இல்லை. இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மையம் ஏற்காட்டில் இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகமும் தாவரவியல் துறையுள்ள கல்லூரிகளும் இருக்கின்றன. முதுகலை மாணவர் நால்வருக்கு ஒரு பரிசலும் ஒரு வாரமும் கொடுத்தால் ஓர் ஏரியின் பட்டியல் தயாராகிவிடும்.

சட்டத்தின் பக்கமும் ஓர் இடைவெளி இருக்கிறது. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை, இயற்கையாய் அமைந்ததோ செயற்கையாய் அமைத்ததோ எல்லா நீர்நிலையையும் ஈரநிலம் என்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ குடிநீருக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளையும், பாசனத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் அமைத்த கட்டமைப்புகளையும் அந்த வரையறைக்கு வெளியே நிறுத்துகின்றன. நம் ஏரிகள் பெரும்பாலும் பாட்டன் பூட்டன் வெட்டியவை, பாசனத்துக்கு வெட்டியவை. ஆக, நூற்றாண்டுகளாகப் பறவைக்கும் மீனுக்கும் அல்லிக்கும் வீடாயிருக்கும் ஏரி, மனிதன் வெட்டியது என்ற காரணத்தாலேயே பாதுகாப்பு வட்டத்துக்கு வெளியே நிற்க நேரிடுகிறது. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் எல்லைக்கல்லைக் காக்கும். எல்லைக்கல்லுக்கு உள்ளே வாழ்வதைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. தமிழ்நாட்டின் ராம்சர் தலங்களில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் நகருக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியில் நெடுங்காலம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிராது. விதி மாறும்வரை காத்திராமல், மாநில ஈரநில ஆணையத்துக்கு மாவட்ட நிர்வாகமே பரிந்துரை அனுப்பலாம். அதற்கும் முதலில் செடி, மீன், பறவைப் பட்டியல்தான் வேண்டும்.

நான் கேட்பவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஒப்பந்தப்புள்ளியில் 'களைச்செடிகள்' என்ற பொதுச்சொல்லை நீக்கி, வெங்காயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேலம் என்று எது எதுவோ அதன் பெயரைச் சொல்லி எழுதுங்கள். பெயர் எழுதியதை மட்டும் அகற்றினால் பட்டியலுக்குப் பணம். அல்லிப் படுகையைக் கிளறினால் பிடித்தம். இந்த ஒரு நிபந்தனை பொக்லைன் ஓட்டுநரின் கையை எந்த விளம்பரப் பலகையையும்விட நன்றாகத் தடுக்கும். தூர்வாரும்போது ஏரி முழுவதையும் ஒரே கோடையில் வழிக்காமல், ஐந்தில் ஒரு பங்கையாவது தொடாமல் விடுங்கள். வற்றிய சேற்றுக்குள் கிழங்கும் விதையும் உறங்கிக் கிடப்பது அங்கேதான், அடுத்த நீருக்கு ஏரியை மறுபடி நிறைப்பதும் அதுதான்.

அகற்றிய வெங்காயத்தாமரையைக் கரையில் குவித்து அழுகவிடவே கூடாது. அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்; ஓரிரு நாள் கரையோரம் வடியவிட்டால் லாரி நடை குறையும். ஆனால் வாரக்கணக்கில் அங்கேயே அழுகவிட்டால் அது உறிஞ்சி வைத்திருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் முதல் மழைக்கே ஏரிக்குத் திரும்பிவிடும். கூலி கொடுத்து எடுத்ததைக் கூலியில்லாமல் திருப்பிப் போட்டதாகிவிடும். பட்டறைக் கழிவு சேரும் ஏரியின் செடி உலோகத்தையும் உறிஞ்சியிருக்கும். அதை உரமாக்கித் தோட்டத்துக்குக் கொடுக்கும் முன் சோதித்தாக வேண்டும். பூக்கும் முன்பே எடுத்தால் விதை விழாது. களைக்கொல்லி தெளிக்கும் யோசனையை அறவே விட்டுவிடுங்கள். ஏரியளவு செடி ஒரே வாரத்தில் செத்து அழுகினால் மீன் எஞ்சாது. 1980களில் பெங்களூரில் விடப்பட்ட நியோகெட்டினா வண்டுகள் இந்தச் செடியை மட்டுமே தின்னும் தென் அமெரிக்க இனம். அவை மெல்ல வேலை செய்பவை, சாக்கடைச் சத்தில் கொழுக்கும் செடியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுபவை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவற்றை நம்பிச் சாக்கடையைத் திறந்துவிட முடியாது.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து, மேலே நடைபாதையும் கம்பி வேலியும் போட்டால் படத்துக்கு அழகாயிருக்கும். முழங்கால் அளவு நீர் நிற்கும் சரிவுதான் கோரைக்கும் ஆரைக்கும் நீர்ப்பிரமிக்கும் இடம். இலைக்கோழி நடப்பதும் முக்குளிப்பான் கூடு மிதப்பதும் அதையொட்டித்தான். தெருவிலிருந்து வரும் மழைநீர் அந்தக் கோரைப் பட்டையைக் கடந்து வந்தால் மண்ணும் குப்பையும் அங்கேயே தங்கும். நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதில் நடப்பவளே நான். மூன்று பக்கம் கல் பதித்தாலும் நீர் நுழையும் பக்கத்தையாவது மண்சரிவாக விடுங்கள். 2010இல் மூக்கனேரியைக் குடிமக்கள் கூடிச் சீரமைத்தபோது, தோண்டிய மண்ணைக் கொண்டே நீர் நடுவில் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள். திட்டின் விளிம்பு முழுவதும் ஆழமில்லாத நீராயிற்று. பறவைகள் வந்ததில் அதிசயமில்லை.

செடி இருந்தால் கொசு வரும், பாம்பு வரும் என்று உங்களிடம் மனு கொடுப்பவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தாம் என்பதை அறிவேன். அதில் உண்மையும் உண்டு. மான்சோனியா என்னும் கொசுவின் புழு, அந்தரத்தாமரை, வெங்காயத்தாமரை ஆகியவற்றின் வேரைத் துளைத்து அதிலிருந்தே மூச்சுவிடுவது. ஆகவே மிதக்கும் செடியை அகற்றக் கோருவது நியாயம். நகரில் மாலையானால் மொய்க்கும் கியூலெக்ஸ் கொசுவின் பிறப்பிடமோ தேங்கிய சாக்கடை. மீனும் தும்பிப் புழுவும் திரியும், மூழ்கிய செடியுள்ள நீரில் அதன் புழு பிழைப்பது கடினம். மனுவுக்குப் பதில் எழுதும்போது இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் சேர்த்தால், முழு ஏரியையும் வழித்துவிடச் சொல்லும் குரல் ஓரளவு அடங்கும்.

அடுத்த கோடைப் பணிக்கான மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன், உங்களில் ஒருவரேனும் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மேற்சொன்ன அடிவாரத்து ஏரிக்கு வர முடியுமானால் நானும் அங்கே இருப்பேன். தட்டும் கயிறும் என் பையில் இருக்கின்றன. பரிசல்காரரிடம் பேசிவைத்திருக்கிறேன். தென்கோடியில் பொக்லைன் எட்டாத பாறை இடுக்கு ஒன்றில் ஓர் அல்லிக்கொடி இந்த ஆண்டு மறுபடி இலை விட்டிருக்கிறது, ஒன்பது இலைகள். அதைத் தவறாமல் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர்,
கன்னங்குறிச்சி, சேலம்